தொழில்நுட்பத்தை ஏற்பதாக எல்லோரும் சொல்கிறார்கள், பாடம் நடத்தும் முறை மட்டும் மாறவில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வி — எழுதியவர்: புதுவிரிவுரை

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். எங்கள் புலத்து ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தை எப்படிப் பார்க்கிறார்கள், தங்கள் கற்பித்தலைத் தாங்களே எந்த அளவுக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது குறித்து ஓர் அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதில் முடியும் வழக்கமான ஐந்துபடி வினாத்தாள் ஒன்றைத் தயாரித்துச் சுற்றுக்கு விட்டேன். திரும்பி வந்த தாள்களைப் பார்த்தபோது மகிழ்ச்சியைவிட ஐயமே மிகுந்தது. தொழில்நுட்பம் கற்றலை மேம்படுத்துகிறது என்பதில் ஏறத்தாழ எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள். ‘என் வகுப்புகளை நான் தொடர்ந்து ஆராய்ந்து பார்க்கிறேன்’ என்ற வரிக்கு எதிரே மறுப்பு ஒன்றுகூட இல்லை.

பிறகு, உரியவர்களின் இசைவோடு சில வகுப்புகளில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ‘தொழில்நுட்பத்தால் என் வகுப்பில் மாணவர் பங்கேற்பு கூடியிருக்கிறது’ என்ற வரிக்கு முழு உடன்பாடு தெரிவித்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்லைடைத் திரையில் விட்டு, “இது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது” என்று தாமே சொல்லிவிட்டு, மாணவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அதை வரி விடாமல் வாசித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் குரல் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. அதே வரிக்கு மறுப்புத் தெரிவித்திருந்த இன்னொருவரோ, ப்ரொஜெக்டரைத் தொடாமலேயே பாடம் நடத்தினார். இரண்டு முறை பாதியில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரின் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இருக்கைகளுக்கிடையே நடந்துபோய் ஒரு நோட்டில் கண்ட தவறைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, தாம் கொண்டுவந்திருந்த அடுத்த எடுத்துக்காட்டைக் கைவிட்டு அந்தத் தவற்றையே விவாதமாக்கினார். வினாத்தாளை மட்டும் நம்பினால் முதலாமவர் முன்னோடி, இரண்டாமவர் பின்தங்கியவர் என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்.

ஆராய்ந்து பார்ப்பதாகச் சொன்ன சிலரிடம், சென்ற பருவத்தில் எதையாவது மாற்றினீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சற்று யோசித்து அவர்கள் சொன்ன விடை பெரும்பாலும் ஒன்றே: “பாடத்திட்டம் மாறியபோது ஸ்லைடுகளைப் புதுப்பித்தேன்.”

சொல்வதற்கும் செய்வதற்கும் இடையிலான இந்த இடைவெளி என் வினாத்தாளின் குறையா, மனித இயல்பா? தொழில்நுட்பத்தைப் பற்றிய மனப்பான்மை மாறினால் கற்பித்தல் மாறுமா, அல்லது தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கம் முதலில் வரவேண்டுமா? அந்தப் பழக்கத்தை இன்னொரு படிவமாக ஆக்கிக் கொன்றுவிடாமல் வளர்ப்பதற்கு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி — எழுதியவர்: அலைநீளம்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் வினாத்தாள் என்னிடம் வந்திருந்தால் நானும் எல்லா வரிகளுக்கும் உடன்பட்டிருப்பேன். அதில் பொய்யும் இருந்திருக்காது, ஏனென்றால் நான் அப்படித்தான் நடத்துகிறேன் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது ஓர் ஒலிப்பதிவால். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக விரிவுரைகளைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தோம். ஒரு நாள் பதிவில் ஒலி சரியாக விழவில்லை என்று மாணவர்கள் சொன்னதால், எந்த இடத்தில் பிசகியது என்று தேடிக்கொண்டு என் வகுப்பை நானே கேட்க நேர்ந்தது. ஒலிக்கோளாறு பத்தாம் நிமிடத்திலேயே பிடிபட்டுவிட்டது. ஆனால் அதற்குள் வேறொன்று காதில் விழுந்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை. ஐம்பது நிமிடப் பாடத்தில் “புரிகிறதா?” என்று இருபத்து மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே “சரி, அடுத்து” என்று நகர்ந்திருக்கிறேன். கைக்கடிகாரத்தை வைத்து அந்த இடைவெளிகளை அளந்து பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு நொடியைக்கூடத் தொடவில்லை.

இது எனக்கு மட்டும் வாய்த்த குறை அல்ல என்று பின்னர் அறிந்தேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, பதிலற்ற மௌனம் குறைகிறது என்றும் காட்டினார். அவர் ஆராய்ந்தவை பள்ளி வகுப்புகள். விரிவுரை அரங்கில் நிலைமை அதைவிட மேலானது என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து, கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் ஒரு யுகம் கழிந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டார்: “உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்றீர்கள். அப்படியானால் நாம் நடக்கும்போது உராய்வு நம்மைப் பின்னால் அல்லவா தள்ள வேண்டும்?” பல ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி வந்தவன் நான். உராய்வு எதிர்ப்பது பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதையே. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னோக்கி உந்துகிறது, அது பின்னால் வழுக்கிவிடாமல் தடுக்கும் நிலை உராய்வு நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் வாக்கியம் அதைச் சொல்லவில்லை, அதைக் கேட்க நான் யாருக்கும் நேரம் தரவில்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை இதில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி எனக்குப் பாடம் நடத்தக் கற்றுத்தரவில்லை. அது சாட்சி சொன்னது, அவ்வளவே. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூரின் கதையும் ஏறக்குறைய இதுதான். மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு பெற்று வந்த அவர், விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய கேள்விகளைத் தம் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார். கணக்குகளைப் போட்டுவிடும் மாணவர்கள் கருத்துகளில் தடுமாறுவதைக் கண்ட பிறகே, 1990களின் தொடக்கத்தில், மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்து விடை காணும் முறைக்கு மாறினார். அந்த முறையோடு பின்னாளில் சேர்த்துப் பேசப்பட்டது ‘கிளிக்கர்’ என்ற வாக்களிப்புக் கருவி. அதை வைத்திருந்த வகுப்பையும், அதற்குப் பதிலாக வெறும் அட்டைகளை உயர்த்திக் காட்டிய வகுப்பையும் நத்தானியேல் லாஸ்ரி என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி வாங்கும் குழுக்களில் அமரும்போதெல்லாம் இந்த முடிவை நான் நினைவூட்டுவது உண்டு. அதனாலேயே இப்போது என்னை அந்தக் குழுக்களுக்கு அழைப்பதில்லை.

மறுமொழி — எழுதியவர்: சுண்ணக்கட்டி

உங்கள் அறிக்கையில் ‘பின்தங்கியவர்’ என்று வந்திருக்கக்கூடிய இரண்டாமவரின் இனத்தைச் சேர்ந்தவன் நான், கணிதம் நடத்துபவன். தொழில்நுட்பத்தை மறுப்பவர் என்றாலே பயந்தவர் அல்லது சோம்பேறி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஆய்வுகளில் ஊறிப்போயிருக்கிறது. அதை முதலில் விடவேண்டும்.

இரண்டு ஆண்டுகள் நான் ஸ்லைடுகளில் தேற்றங்களின் நிறுவல்களைக் காட்டினேன். வகுப்பு வேகமாக ஓடியது, அத்தியாயங்கள் முன்னதாகவே முடிந்தன, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வுத்தாள்களில் ஒரு விந்தையைக் கண்டேன். நிறுவலின் முதல் வரியும் கடைசி வரியும் அச்சுப் பிசகாமல் இருந்தன, நடுவில் மட்டும் தொடர்பற்ற சமன்பாடுகள். ஸ்லைடில் நிறுவல் முடிந்த பொருளாக வந்து நிற்கிறது. பலகையில் அது பிறக்கிறது: எங்கே கை தயங்குகிறது, எந்தக் குறியை அழித்துத் திருத்துகிறோம், ‘இப்போது என்ன செய்யலாம்’ என்று எந்த இடத்தில் ஓரடி பின்னால் நகர்ந்து பார்க்கிறோம் என்பதெல்லாம் மாணவருக்குத் தெரிகிறது. என் கை எழுதும் வேகமும் அவர்கள் கை எழுதும் வேகமும் ஒன்றாக இருப்பதே ஒரு கட்டுப்பாடு. ஆகவே பலகைக்குத் திரும்பினேன். இதுவும் திரும்பிப் பார்த்ததன் விளைவுதான், ஆனால் உங்கள் வினாத்தாளில் இதைக் குறிக்க ஒரு கட்டமும் இருந்திருக்காது.

நான் முழு மறுப்பாளனும் அல்லன். ஒரு சார்பைத் தோராயமாக்கும் டெய்லர் பல்லுறுப்புக்கோவையில் உறுப்புகளைக் கூட்டக் கூட்ட வளைவரை எப்படிப் போய் ஒட்டுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் மூன்று உறுப்புகளுக்கு மேல் வரைந்து காட்ட முடியாது. அதற்கு ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்துவிடுகிறேன். பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குப் பலகை தெரிவதில்லை என்பதால், தாளில் எழுதுவதை அப்படியே திரையில் காட்டும் கேமராவுக்கும் பழகிவிட்டேன். எனவே ‘தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா’ என்று கேட்காதீர்கள். ‘பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் கைவிட்டீர்கள்’ என்று கேளுங்கள். அதற்குக் காரணத்தோடு விடை சொல்பவர் தன் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பலாம்.

மறுமொழி — எழுதியவர்: கட்டுரைத்தாள்

நான் வரலாறு நடத்துகிறேன், சுருக்கமாக ஒன்று. மேலே இருவரும் தாமாகத் திரும்பிப் பார்த்ததைச் சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களைத் தொழில்நுட்பம் பிடரியைப் பிடித்துத் திருப்பியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ‘இந்தப் புரட்சிக்கான காரணங்களை விவரி’ என்று பல ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த ஒப்படைப்பை அதனிடமே கொடுத்தேன். சில நொடிகளில் வந்து விழுந்தது, நான் நல்ல மதிப்பெண் தரக்கூடிய கட்டுரை. முதலில் மாணவர்கள்மீது கோபம் வந்தது. பிறகு, இத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வியால் நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்ற சங்கடம் வந்தது. இப்போது ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு மூல ஆவணங்களைத் தந்து, எதை எந்த அளவுக்கு நம்புகிறாய் என்று எழுதவும், எழுதியதைப் பத்து நிமிடம் நேரில் பேசவும் சொல்கிறேன். திருத்தும் வேலை இரட்டிப்பாகிவிட்டது. துறையில் பலரும் செய்தது வேறு: கருவியைத் தடைசெய்யும் சுற்றறிக்கையை வரவேற்றுவிட்டு, பழைய கேள்வியையே மீண்டும் கொடுத்தார்கள்.

மறுமொழி — எழுதியவர்: வகுப்பறைக்குறிப்பு

ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் துறையில் இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்குக் கல்வியியலில் பழைய விடை ஒன்று உண்டு. கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்டு ஷோனும் 1974இலேயே இந்த இடைவெளிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் தன் செயலுக்கு அடிப்படை என்று வாயால் சொல்லும் கொள்கை ஒன்று, அவர் செயலைக் கவனிப்பவருக்குத் தென்படும் கொள்கை வேறொன்று. இரண்டும் வேறுபடுவது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. ஆகவே உங்கள் பேராசிரியர் ஏமாற்றவில்லை. வினாத்தாள் முதல் கொள்கையைத்தான் அளக்கும், இரண்டாவது அதன் கைக்கு எட்டாது.

மனப்பான்மை ஆய்வுகளில் பெரும்பகுதி, பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த மாதிரியை ஒட்டியே நடக்கிறது. ஒரு கருவி பயனுள்ளது என்று ஒருவர் எந்த அளவுக்கு நினைக்கிறார், கையாள எளிது என்று எந்த அளவுக்கு நினைக்கிறார் என்ற இரண்டையும் வைத்து, அவர் அதைப் பயன்படுத்துவாரா என்று கணிக்கும் மாதிரி அது. அலுவலகங்களில் மின்னஞ்சல் போன்றவற்றை ஏற்பதை விளக்க எழுந்தது. ‘பயன்படுத்துவாரா’ என்பதற்கு அது ஓரளவு விடை சொல்லும், ‘பயன்படுத்தியதால் பாடம் மாறியதா’ என்பதற்குச் சொல்லாது. ஸ்லைடை வரிவரியாக வாசிப்பவரும் அந்தக் கணக்கில் பயன்படுத்துபவரே.

பெக்கி எர்ட்மர் 1999இல் செய்த பிரிவினை உங்களுக்கு அதிகம் உதவும். கருவி இல்லை, நேரம் இல்லை, பயிற்சி இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை என்பன வெளித்தடைகள். கற்பித்தல் என்றால் என்ன, மாணவர் எப்படிக் கற்கிறார் என்பதைப் பற்றி ஆசிரியருக்குள் ஊறிய நம்பிக்கைகள் உள்தடைகள். நிறுவனங்கள் பணத்தால் தீர்க்கக்கூடிய முதல் வகையைத் தீர்த்துவிட்டு, இரண்டாவதும் தானாகத் தீர்ந்துவிடும் என்று காத்திருக்கின்றன. புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் வலியுறுத்தியதும் இதற்கு நெருக்கமானதே: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்று தனித்தனியே இருந்தால் போதாது, இந்தப் பாடத்தின் இந்தப் பகுதிக்கு இந்தக் கருவி எதற்கு என்று மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. சுண்ணக்கட்டி அவர்கள் டெய்லர் தொடருக்குக் கணினியையும் நிறுவலுக்குப் பலகையையும் தேர்ந்தது அந்தச் சந்திப்பில் நின்று செய்த முடிவு. என் மதிப்பீட்டில் அவரே இங்கு தொழில்நுட்பத்தை நன்றாகக் கையாள்பவர்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தன் கற்பித்தலைத் தானே திரும்பிப் பார்ப்பதை நம் பாடநூல்களில் ‘பிரதிபலிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். கண்ணாடி எதிரே நிற்பதை அப்படியே காட்டும், யோசிக்காது. ‘மீள்நோக்கு’ என்றால் திரும்பிப் பார்க்கும் ஆள் ஒருவர் இருப்பதாவது விளங்கும்.

உங்கள் மூன்றாம் கேள்வி கடினமானது. மீள்நோக்குக் குறிப்பேடு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்று கட்டளையிட்ட இடங்களில் நான் பார்த்தவை, வாரக்கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட பக்கங்கள். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்டனர்’ என்ற வரி ஒரே குறிப்பேட்டில் பதினொரு முறை வந்ததைக் கண்டிருக்கிறேன். பயன் தந்ததாக நான் கண்டது கல்வியாளர் ஸ்டீபன் புரூக்ஃபீல்டு பரப்பிய ஒரு சிறு தாள். வாரக்கடைசியில் மாணவர்கள் பெயர் எழுதாமல் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுவார்கள்: இந்த வாரம் எந்தக் கணத்தில் வகுப்போடு மிக ஒன்றியிருந்தாய், எந்தக் கணத்தில் விலகிப் போனாய், யார் செய்த எந்தச் செயல் உதவியது, எது குழப்பியது, எது வியப்பளித்தது. அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் ஆசிரியர் அதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுவார். ‘ஆசிரியர் எப்படி’ என்று மதிப்பெண் கேட்காமல் ‘எந்தக் கணம்’ என்று கேட்பதுதான் அதன் பலம்.

மாணவர் திருப்தியை மட்டும் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். லூயி டெலோரியேவும் உடன் ஆய்வாளர்களும் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான், தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மாற்றத்தைத் தொடங்கும் ஆசிரியருக்கு முதல் பருவத்தில் கருத்துப்படிவம் சற்றே கசக்கலாம் என்பதைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: புதுவிரிவுரை

எல்லோருக்கும் நன்றி. ஐந்துபடி வினாத்தாளை ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக மூன்றே கேள்விகளோடு நேரில் போகலாம் என்றிருக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு வகுப்பு எதிர்பார்த்தபடி போகாத நாள் ஒன்றைச் சொல்லுங்கள். அது சரியாகப் போகவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பயன்படுத்திக் கைவிட்ட கருவி எது, ஏன்? இரண்டாம் கேள்விதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் ‘தெரிந்தது’ என்பதற்கு ஆசிரியர் காட்டும் சான்று தேர்வுத்தாளா, மாணவர் முகமா, வெறும் உள்ளுணர்வா என்பது அதில் வெளிப்பட்டுவிடும். கூடவே, வகுப்பை ஒலிப்பதிவு செய்து கேட்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்ளலாமா என்றும் நினைக்கிறேன்.

மறுமொழி — எழுதியவர்: அலைநீளம்

அந்தக் கடைசி வரியில் கவனம் தேவை. என் பதிவை நான் மட்டும் கேட்டதால்தான் இருபத்து மூன்று என்ற எண்ணை இங்கே சொல்ல முடிகிறது. அதையே துறைத்தலைவர் கேட்பார் என்று தெரிந்திருந்தால், அன்று “புரிகிறதா” என்பதை ஐந்து முறையோடு நிறுத்தி, மிக அழகான வகுப்பு ஒன்றை நடித்துக் காட்டியிருப்பேன். பதிவு ஆசிரியரிடமே இருக்கவேண்டும், பதவி உயர்வுக் கோப்புக்குள் அது போகக்கூடாது, அழிக்கும் உரிமையும் அவருடையதே என்பதை எழுத்தில் கொடுங்கள். மாணவர் குரல்களும் அதில் விழும் என்பதால் அவர்களிடமும் சொல்லிவிட்டே பதிவு செய்ய வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பாதிப்பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, தாங்கள் கண்டதில் ஒன்றை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் போதும். இன்னொன்று, நீங்கள் முதலில் கேட்டுவிட்டு அவர்களிடம் போங்கள்.

கேள்வி கேட்டவர்: புதுவிரிவுரை

நேற்று மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்தேன். இரவு உட்கார்ந்து கேட்டேன், பதினேழாம் நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. “புரிகிறதா” என்று நான் அதிகம் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைத் தொடங்குகிறார், பாதியிலேயே நான் அவர் வாக்கியத்தை முடித்துவைத்து, நான் முடித்த கேள்விக்கு விடையும் சொல்லிவிடுகிறேன். அவர் “சரிங்க சார்” என்கிறார். அவர் உண்மையில் கேட்கவந்தது என்ன என்று பதிவில் இல்லை. நாளை அவருக்கு அதே அறையில் வகுப்பு இருக்கிறது, போய்க் கேட்கப் போகிறேன். மீதி முப்பத்து மூன்று நிமிடங்களை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.